கறக்கும் கையை மாடு மறப்பதில்லை

ஈரோடு மாவட்டத்தில் கால்நடை மருத்துவராக வேலை பார்த்த காலம். ஒரு நாள் காலையில் மருந்தகம் திறப்பதற்கு முன்பே ஓர் அம்மா வாசலில் காத்திருந்தார். மகளிர் குழுக் கடனில் மாடு வாங்கி ஆறு நாள் ஆகியிருந்தது. இரண்டாம் ஈத்து, ஜெர்சி கலப்பினம். விற்றவர் வீட்டில் மூன்று வேளை கறவை பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். அங்கே காலையில் ஆறு லிட்டர், மாலையில் நான்கு லிட்டர். இங்கே வந்த பிறகு இரண்டு வேளையும் சேர்த்து ஐந்து லிட்டரைத் தாண்டவில்லை.

"ஏமாத்திப்போட்டாங்க டாக்டருங்க. ஊசி போட்டுக் கறந்து காமிச்சிருப்பாங்களாட்டத் தெரியுது. பக்கத்துத் தோட்டத்துக்காரரு, நீயும் அந்த ஊசியவே போட்டுக் கறன்னு சொல்றாருங்க. போடலாங்களா?"

மாலையில் கறக்கும் நேரத்துக்குப் போய்ப் பார்த்தேன். காய்ச்சல் இல்லை. தீவனம் நன்றாக எடுத்தது. மடிநோய்க்கான அறிகுறி எதுவும் இல்லை. கறக்க வந்தவர் அந்த அம்மாவின் கணவர். முதல் நாள் மாடு காலை உதறியதால், அன்றிலிருந்து கையில் ஒரு குச்சியோடுதான் வருகிறார். அவர் கொட்டகைக்குள் நுழைந்ததுமே மாடு பின்னங்காலை மாற்றி மாற்றி வைத்தது, மிரண்டு பார்த்தது, சாணம் போட்டது. கொஞ்சம் பால் வந்தது, அத்தோடு நின்றுவிட்டது. தொட்டுப் பார்த்தால் மடியின் கனம் குறையவே இல்லை. பால் இல்லாமல் இல்லை. மாடு பாலை அடக்கிக்கொண்டிருந்தது.

விற்ற வீட்டில் யார் கறந்தார்கள் என்று விசாரித்தேன். விற்றவரின் தாயார், எழுபது வயதுப் பாட்டி. கன்றாக இருந்தபோதிலிருந்து அந்த மாட்டைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். போனில் பேசினோம். ஏமாற்றினார் என்ற பேர் நமக்கு வேண்டாம் என்று விற்றவரே மறுநாள் அம்மாவை வண்டியில் கூட்டிவந்து விட்டார். பாட்டி மாட்டின் பக்கத்தில் போய் ஏதோ பேசிக்கொண்டே கழுத்தைச் சொறிந்தார். மடியைக் கழுவிவிட்டு உட்கார்ந்தார். அந்த ஒரு வேளையில் மட்டும் நான்கு லிட்டருக்கு மேல் வந்தது.

பாட்டி இரண்டு நாள் இருந்தார். வாங்கிய அம்மா அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பழகினார். முதலில் தீவனம் வைப்பது, பிறகு மடி கழுவுவது, பிறகு ஆளுக்கு இரண்டு காம்பு. பத்தாவது நாள், அந்த அம்மா தனியாகக் கறந்தபோது இரண்டு வேளையும் சேர்ந்து ஒன்பது லிட்டர். குச்சி அடுப்புக்குப் போய்விட்டது.

இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. மாட்டுக்கு ஆள் தெரியும் என்பதை மட்டும் எல்லோரும் மறந்திருந்தார்கள். தீவனக் கணக்கு, இனக் கணக்கு, சினை ஊசிக் கணக்கு எல்லாம் போடும் நாம், இந்த ஒரு கணக்கைப் போடுவதில்லை. அதற்கான விலையைப் பாலாகவும், சில வீடுகளில் ஊசியாகவும் கொடுத்துக்கொண்டிருக்கிறோம் என்பதே என் கருத்து.

முகம் பார்த்து அறியும் ஆடு

"வைக்கோல் போடுகிறவன் எல்லாம் மாட்டுக்கு ஒன்றுதான்" என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. கால்நடைகளின் மூளையை ஆராய்ந்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை.

இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே உள்ள பாப்ரஹாம் ஆராய்ச்சி நிலையத்தில் கீத் கென்ட்ரிக் என்பவர் செம்மறி ஆடுகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஆட்டின் மூளையில் காதுக்கு மேலே உள்ள பகுதியில், முகங்களைப் பார்க்கும்போது மட்டும் விழித்துக்கொள்ளும் நரம்பணுக்கள் இருப்பதை அவரும் உடன் ஆராய்ந்தவரும் 1987இல் அறிவித்தார்கள். அந்த அணுக்களிலும் பிரிவு உண்டு. சில, கொம்புள்ள முகத்தைக் கண்டால் இயங்கும். கொம்பின் அளவுக்கு ஏற்ப அந்த இயக்கமும் மாறும். சில, தனக்குப் பழக்கமான ஆட்டின் முகத்துக்கு இயங்கும். வேறு சில, மனித முகத்துக்கும் நாயின் முகத்துக்கும் இயங்கும். யார் பெரியவர், யார் நம்மவர், யாரிடம் பயப்பட வேண்டும் என்று மந்தையில் பிழைக்கத் தேவையான மூன்று கேள்விகளுக்கும் மூளையில் தனித்தனியாக இடம் இருக்கிறது.

2001இல் அதே குழு இன்னொரு முடிவை வெளியிட்டது. புகைப்படங்களைக் காட்டிப் பழக்கியபோது செம்மறி ஆடுகள் மற்ற 50 ஆடுகளின் முகங்களைப் பிரித்து அறிந்தன. இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த நினைவு அழியவில்லை.

மனித முகமும் அப்படித்தான். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் ஜென்னி மார்ட்டன் தலைமையிலான குழு 2017இல் வெளியிட்ட ஆய்வில், எட்டு ஆடுகளுக்கு ஒபாமா, நடிகை எம்மா வாட்சன் உள்ளிட்ட நான்கு பேரின் படங்களை அடையாளம் காணப் பழக்கினார்கள். ஏறக்குறைய பத்துக்கு எட்டு முறை ஆடுகள் சரியாகத் தேர்ந்தெடுத்தன. பிறகு, எந்தப் பயிற்சியும் கொடுக்காமல், தங்களைத் தினமும் பராமரிப்பவரின் படத்தை ஓர் அந்நியரின் படத்தோடு சேர்த்துக் காட்டினார்கள். பத்துக்கு ஏழு முறை பராமரிப்பவரின் படத்தையே தேர்ந்தெடுத்தன. நம் கிடை ஆட்டுக்காரர்களுக்கு இது செய்தியே அல்ல. ஆனால் நம் பயிற்சி வகுப்புகளில் இது இன்னும் பாடமாகவில்லை.

வாசனையும் குரலும்

முகம் மட்டும் அல்ல. ஈன்ற ஆடு தன் குட்டியை முதலில் அறிவது மூக்கால். பிறப்பு வழி விரியும்போது நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையில் ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு வெளிப்படுகிறது. வாசனையை உணரும் பகுதி அந்த நேரத்தில் ஈர மண்போல இளகி, நக்கிக்கொண்டிருக்கும் குட்டியின் வாசனையை அச்சாகப் பதித்துக்கொள்கிறது. செம்மறியில் ஏறக்குறைய முதல் இரண்டு மணி நேரத்துக்குள் இந்தப் பதிவு முடிந்துவிடும். பிறகு வேறு குட்டி மடிக்கு வந்தால் முட்டித் தள்ளும். வெள்ளாட்டில், ஈன்றவுடன் ஐந்து நிமிடம் குட்டியோடு இருந்தாலே, பிரித்து வைத்துத் திரும்பக் கொடுத்தாலும் தாய் ஏற்றுக்கொள்கிறது என்று 1960களிலேயே அமெரிக்காவில் காட்டினார்கள்.

குரலும் நினைவில் நிற்கிறது. பால்குடி மறந்து பிரிந்த குட்டியின் குரலைத் தாய் வெள்ளாடுகள் ஏழு மாதம் முதல் ஓராண்டுக்கு மேல் கழிந்த பிறகும் அறிந்துகொண்டன என்று லண்டனில் நடந்த ஓர் ஆய்வு 2012இல் கூறியது.

இந்த நினைவு எங்கே தங்குகிறது? 2014இல் அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் எலிகளை வைத்துத் தேடினார்கள். நினைவுகளைச் சேர்க்கும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குள் ஒரு சிறு துண்டைச் செயலிழக்கச் செய்தபோது, எலிக்கு இடம், பொருள் பற்றிய நினைவு பெரும்பாலும் சரியாகவே இருந்தது. முன்பு பழகிய எலியை மட்டும் அடையாளம் தெரியவில்லை. பாலூட்டியின் மூளை 'யார்' என்ற கேள்விக்குத் தனி அறை ஒதுக்கியிருக்கிறது என்று இதற்குப் பொருள்.

நம் பெரியவர்கள் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துத் தோல்கன்று செய்து மாட்டின் முன் நிறுத்தினார்கள். மாடு அதை நக்கிக்கொண்டே சுரப்பு விட்டது. இங்கிலாந்து மேய்ப்பர்கள் செத்த குட்டியின் தோலை அனாதைக் குட்டிக்குப் போர்த்தி, இழந்த தாயிடம் விடுவார்கள். இரண்டு நாட்டுக்காரர்களும் கண்டுபிடித்தது ஒன்றேதான்: தாயின் நினைவு வாசனையில் இருக்கிறது.

பால் இறங்குவது எப்படி?

இனி கறவைக்கு வருவோம். கறக்க உட்காரும்போது மாட்டின் மடியில் உள்ள பாலில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான் காம்புக்கு மேலுள்ள அறையில் தயாராக இருக்கிறது. மீதி, மேலே பஞ்சுபோன்ற திசுவில், கண்ணுக்குத் தெரியாத சிறு பைகளில் தங்கியிருக்கிறது. இந்தப் பைகளைப் பிழிந்து பாலைக் கீழே தள்ள வேண்டும். அந்த வேலையைச் செய்வதும் அதே ஆக்ஸிடோசின்தான். கன்று முட்டும்போது, மடியைக் கழுவும்போது, பழகிய ஆளின் குரல் கேட்கும்போது மூளையின் அடியிலிருந்து அது இரத்தத்தில் கலந்து மடிக்கு வருகிறது. சில நிமிடங்களே அதன் வேகம் இருக்கும். அதற்குள் கறந்து முடிக்க வேண்டும்.

மாடு மிரண்டால் மூளை அந்தச் சுரப்பை வெளியே விடுவதில்லை. பயத்தில் ஊறும் அட்ரினலின் மடிக்குப் போகும் இரத்த ஓட்டத்தையும் குறைக்கிறது. காம்பில் இருந்த ஐந்தில் ஒரு பங்கு வரும். மீதி மேலேயே நின்றுவிடும். மாடு 'வேண்டுமென்றே' செய்யும் வீம்பு அல்ல இது. பயந்த உடலில் பால் இறங்காது, அவ்வளவுதான்.

இதைக் கனடாவில் அளந்து பார்த்தார்கள். ஜெஃப் ரஷன் என்ற ஆய்வாளரும் அவர் குழுவினரும் 1999இல் வெளியிட்ட ஆய்வில், 14 மாடுகளை இரண்டு பேர் பழக்கினார்கள். ஒருவர் மென்மையாக நடந்துகொண்டார், இன்னொருவர் கடுமையாக. மாடுகள் இருவரையும் பிரித்து அறிந்துகொண்ட பிறகு, கறக்கும்போது இருவரில் ஒருவர் பக்கத்தில் சும்மா நின்றார். கடுமையானவர் நின்ற நாளில் மடியில் கறபடாமல் தங்கிய பால் 70 சதவீதம் கூடியது. அவர் அடிக்கவில்லை, தொடவில்லை, நின்றார். மாட்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

மாடு ஆளை எதை வைத்து அறிகிறது என்றும் பார்த்திருக்கிறார்கள். உடையின் நிறம், உயரம், முகம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அறிகிறது. இருவருக்கும் ஒரே நிற உடை மாட்டிவிட்டால் மாடுகள் தடுமாறின. என் அனுபவத்திலும், நான் வெள்ளைச் சட்டையும் பையுமாக இறங்கினால் எழுந்து நின்று மிரளும் மாடுகள், லுங்கியோடு போனால் அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

மடியில் பால் தங்கினால் நட்டம் அன்றோடு முடிவதில்லை. காலியாகாத மடி, சுரப்பைத் தானே குறைத்துக்கொள்ளும். சில வாரங்களில் அந்த மாடு உண்மையிலேயே குறைந்த பால் மாடாகிவிடும். அப்புறம், "அப்பவே சொன்னேன், ஏமாத்திட்டாங்க" என்பது உண்மையைப் போலவே தோன்றும்.

ஊசி என்ற குறுக்கு வழி

அந்த அம்மா கேட்ட ஊசி ஆக்ஸிடோசின்தான். மாட்டின் மூளை நம்பிக்கையின்பேரில் தர வேண்டியதை, நாம் குப்பியில் வாங்கி ஏற்றுகிறோம். மருத்துவர் கையில் அது நல்ல மருந்து. ஈனும் நேரத்துச் சிக்கல்களில் உயிரைக் காப்பாற்றும். தினமும் இரண்டு வேளை கறவைக்குப் போடும்போது கதை வேறு. தொடர்ந்து போட்ட மாடுகளில், ஊசி இல்லாதபோது பால் இறங்குவது குறைந்துபோகிறது என்பதை ஆய்வில் கண்டிருக்கிறார்கள். பத்து நாள் போட்டவர் பதினோராம் நாள் நிறுத்த முடியாமல் தவிப்பது இதனால்தான்.

பால் குடிப்பவர்களிடம் பீதியைக் கிளப்ப இதை நான் எழுதவில்லை. மாட்டுக்கும் மாட்டுக்காரருக்கும் நேரும் கெடுதலே போதுமானது. வேளைக்கு ஒரு குத்து என்று வாங்கும் மாடு, கறக்க வரும் ஆளையும் குத்துகிற ஆளாகவே நினைவில் வைக்கும். பயம் கூடும், சுரப்பு இன்னும் குறையும், ஊசி இன்னும் தேவைப்படும். சட்டமும் இதை விட்டுவைக்கவில்லை. பாலைக் கூட்டுவதற்காக மாட்டின் உடல்நலத்துக்குக் கேடான பொருளை ஊசியில் ஏற்றுவது, 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 12ஆம் பிரிவின்படி குற்றம். இருந்தும் பல ஊர்களில் அந்தக் குப்பி எளிதாகக் கிடைக்கிறது என்பது நமக்குத் தெரியாதது அல்ல.

மறுப்புகள் இரண்டு

"அன்பாகப் பேசினால் பால் கூடுமா? நடக்கிற கதையைச் சொல்லுங்கள்" என்பார்கள். நியாயமான கேள்வி. இங்கிலாந்தின் நியூகேசில் பல்கலைக்கழகத்தார் 516 பண்ணையாளர்களிடம் விசாரித்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், மாட்டுக்குப் பெயர் வைத்து அழைக்கும் பண்ணைகளில் ஆண்டுக்கு 258 லிட்டர் கூடுதலாகக் கிடைத்ததாகச் சொன்னார்கள். இதைப் பிடித்துக்கொண்டு, பெயர் வைத்தால் பால் பொங்கும் என்று நான் சொல்ல மாட்டேன். பெயர் வைக்கும் அளவுக்கு மாட்டைக் கவனிப்பவர், தீவனத்தையும் தண்ணீரையும் நோயையும் கவனிப்பவராகவே இருப்பார். தீவனம் குறைந்த மாட்டுக்குத் தாலாட்டுப் பாடிப் பயனில்லை. ஆனால் தீவனம் தின்று மடியில் ஊறிய பாலை வெளியே கொண்டுவருவதும் கெடுப்பதும் ஆள்தான். நாம் பேசுவது அந்தப் பாலைப் பற்றி.

"இருபது மாடு வைத்திருக்கிறேன், கறவை ஆள் மாசத்துக்கு ஒருவர் மாறுகிறார். நான் என்ன செய்ய?" என்பது அடுத்தது. ஆள் மாறுவதைத் தடுக்க முடியாமல் போகலாம். ஆனால் மாறும் விதம் நம் கையில் இருக்கிறது. பழைய ஆள் போவதற்கு முன் புதியவர் நான்கு நாளாவது சேர்ந்து நிற்கட்டும். எல்லா ஆட்களுக்கும் கறவை நேரத்துக்கென்று ஒரே நிறச் சட்டை வாங்கிக் கொடுங்கள். மாடு உடையைப் பார்க்கிறது என்றால், அந்தப் பழக்கம் நமக்கு உதவட்டும். கறவை இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். அதைக் காம்பில் மாட்டுவது ஓர் ஆள்தானே.

செய்யக்கூடியவை

மாடு வாங்கும்போது மூன்று வேளை கறவை பார்ப்பது நம் வழக்கம். எட்ட நின்று செம்பைப் பார்க்காதீர்கள். வீட்டில் கறக்கப்போகிறவர் யாரோ, அவர் போக வேண்டும். கறப்பவர் பக்கத்தில் உட்கார வேண்டும். எப்படிக் கூப்பிடுகிறார், எந்தப் பக்கம் உட்காருகிறார், கன்றை எப்போது விடுகிறார், முன்னால் என்ன தீவனம் வைக்கிறார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். கருங்கல்பாளையம் போன்ற சந்தையில் வாங்கினால் இதற்கு வழியில்லை. அப்போது முதல் பத்து நாள் பால் குறைவைப் பார்த்துப் பதறாதீர்கள். இரண்டு நாளில் மாட்டைக் குறைசொல்லித் திரும்ப விற்றால், நட்டம் உங்களுக்கு, லாபம் தரகருக்கு.

வந்த மாட்டை முதல் வாரம் ஒரே ஆள் கவனிக்கட்டும்; தீவனம் வைப்பவரே கறக்கட்டும். மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைத்து, ஒரு நிமிடம் பொறுத்துக் கறக்கத் தொடங்கி, ஏழு நிமிடங்களுக்குள் முடியுங்கள். நாட்டு மாடும் எருமையும் கன்றைக் காணாமல் சுரப்பு விடுவது அரிது. கன்றைக் கண் முன்னே கட்டுங்கள்.

குச்சியைக் கறவை இடத்துக்குக் கொண்டுவராதீர்கள். ஊசி, காது வில்லை, மூக்கணாங்கயிறு போன்ற வலி தரும் வேலைகளைக் கறவை இடத்தில் வைத்துக்கொள்ள வேண்டாம். கறப்பவரே மாட்டைப் பிடித்துக்கொடுக்கவும் வேண்டாம். வீட்டில் வேறு ஒருவர் பிடிக்கட்டும். மருத்துவர் திட்டு வாங்கினாலும் பரவாயில்லை, கறக்கும் கை நல்ல பெயரோடு இருக்க வேண்டும்.

ஆடு ஈன்றால் முதல் இரண்டு மணி நேரம் தாயையும் குட்டியையும் தொந்தரவு செய்யாதீர்கள். குட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டில் காட்டுவதும், இரட்டையில் ஒன்றைத் தனியே ஒதுக்கித் துடைப்பதும் தாய் குட்டியை மறுக்க வழிவைக்கும். மூச்சுக்குச் சளியை அகற்ற வேண்டியிருந்தால் அகற்றிவிட்டு, நக்குவதைத் தாயிடம் விட்டுவிடுங்கள்.

பயிற்சியில் ஒரு மணி நேரம்

விரிவாக்கப் பணியில் இருக்கும் தம்பி, தங்கைகளிடம் ஒரு வேண்டுகோள். கறவை மாடு வளர்ப்புப் பயிற்சியில் இனம், தீவனம், தடுப்பூசி, கடன் என்று நாள் முழுக்கப் பேசுகிறோம். மாட்டிடம் எப்படிப் போவது, புதிய ஆளை எப்படிப் பழக்குவது என்பதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். அதையும் வகுப்பறையில் நடத்தாதீர்கள். கொட்டகையில், கறவை நேரத்தில், அந்த ஊரில் நன்றாகக் கறக்கும் பெண் ஒருவரை ஆசிரியராக உட்கார வைத்து நடத்துங்கள். பால் குறைகிறது என்று யாராவது வந்தால், தீவனத்தையும் மடிநோயையும் பார்த்த கையோடு, "கறக்கிறவர் மாறினாரா? இடம் மாறியதா? யாராவது அடித்தார்களா?" என்று மூன்று கேள்விகளையும் கேளுங்கள். இந்தக் கேள்விகளுக்குச் செலவு எதுவும் இல்லை. கேட்காமல் விட்டால் அடுத்த ஆலோசகர் ஊசிக் குப்பியோடு வருவார்.

ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கற, பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கற என்பது நம் பழமொழி. அதை மனிதர்களிடம் காரியம் சாதிக்கும் தந்திரமாகவே இன்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். முதலில் அது கொட்டகையில் பிறந்த சொல். ஒவ்வொரு மாடும் ஒரு தனி ஆள். நம்மையும் அது தனி ஆளாகவே பார்க்கிறது என்று தெரிந்தவர் சொன்னது. நாளைக் காலை செம்பை எடுத்துக்கொண்டு போகும்போது, மாடு உங்களைப் பார்த்ததும் என்ன செய்கிறது என்று கொஞ்சம் நின்று கவனியுங்கள். உங்களைப் பற்றி அது என்ன நினைவு வைத்திருக்கிறது என்பது அங்கேயே தெரிந்துவிடும்.